பேருந்தில் சக்கர நாற்காலிக்கான இடம்: யார் நகர வேண்டும், யார் சொல்ல வேண்டும்?

பேருந்தில் முன்னுரிமை இடம் இரண்டு வகை. ஒன்று, முதியோர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி, கைக்குழந்தையோடு வருபவர் என்று எழுதிப் போட்ட இருக்கை. மற்றொன்று, இருக்கையே போடாமல் விட்ட தரை. சக்கர நாற்காலி வந்து நிற்பதற்கான இடம் அது. முதலாவது கிடைக்காவிட்டால் கால் வலிக்க நின்றுகொண்டு போக வேண்டியிருக்கும். சங்கடம்தான், சிலருக்கு ஆபத்தும்கூட. இரண்டாவது கிடைக்காவிட்டால் ஏறவே முடியாது. பேருந்து போய்விடும், அவர் நிறுத்தத்திலேயே இருப்பார். இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் பேச்சு எப்போதும் ‘காலம் கெட்டுப்போச்சு’ என்ற புலம்பலில் போய் முடிகிறது. தரை இடத்துக்கான தகராறில் பயணிகளின் மனசு கெட்டது கொஞ்சம்தான். இடத்தின் அளவு என்ன, எந்த நேரத்தில் கேட்பது, கேட்கும் பொறுப்பு யாருடையது என்பவைதான் அதை முடிவு செய்கின்றன.

இதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் அலசிய நாடு பிரிட்டன். அங்கிருந்து தொடங்குவது வசதி.

வெதர்பியிலிருந்து லீட்ஸுக்கு

2012 பிப்ரவரி 24 காலை, இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் டக் பாலி லீட்ஸ் போகும் பேருந்தில் ஏற வந்தார். சக்கர நாற்காலியில் பயணிப்பவர். பேருந்தின் சக்கர நாற்காலி இடத்தில் ஏற்கெனவே ஒரு பெண், தூங்கும் குழந்தையோடு தள்ளுவண்டியை நிறுத்தியிருந்தார். வண்டியை மடக்கிக்கொண்டு நகருமாறு ஓட்டுநர் கேட்டார். இது மடங்காத வண்டி என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். அப்படியானால் என் நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு சாதாரண இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார் பாலி. ஓட்டுநர் அதற்கும் ஒப்பவில்லை. மடக்கிய நாற்காலியை அசையாமல் கட்டிவைக்க வழியில்லை, பாதையோ வளைந்து வளைந்து போவது. பாலி அடுத்த பேருந்தில் போனார். லீட்ஸில் பிடிக்க வேண்டிய ரயில் போய்விட்டது. சேர வேண்டிய இடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

பாலி போட்ட வழக்கு பேருந்தை இயக்கிய ஃபர்ஸ்ட்குரூப் நிறுவனத்தின் மீது, அந்தப் பெண்ணின் மீது இல்லை. இதைக் கவனிக்க வேண்டும். சக்கர நாற்காலிப் பயணிக்குத் தேவைப்பட்டால் தயவுசெய்து விட்டுக்கொடுங்கள் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஓட்டுநர் கேட்பார், மறுத்தால் அதோடு சரி என்பது நிறுவனத்தின் நடைமுறை. ‘கேட்டாகிவிட்டது’ என்பது மாற்றுத்திறனாளிக்குச் செய்ய வேண்டிய நியாயமான ஏற்பாடு ஆகுமா என்பதே வழக்கு.

லீட்ஸ் நீதிமன்றம் 2013இல் பாலிக்கு 5,500 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. 2014 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2017 ஜனவரி 18இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது போதாது. மறுப்பு நியாயமற்றது என்று ஓட்டுநருக்குத் தோன்றினால் அடுத்த படிக்குப் போவதைப் பற்றி அவர் யோசிக்க வேண்டும். வேண்டுகோளாகச் சொன்னதைக் கட்டாயம் செய்ய வேண்டியதாக மாற்றிச் சொல்லலாம். அதற்கும் அசையாவிட்டால், மற்றவர்களின் பார்வையாவது அவரை எழுப்பட்டும் என்று சில நிமிடங்கள் வண்டியை எடுக்காமல் நிறுத்திவைக்கலாம். அதற்கு மேல் போய், மறுப்பவரை இறக்கிவிட்டே தீர வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இழப்பீட்டில் நான்குக்கு மூன்று என்று பிரிந்தார்கள். கூடுதலாக வற்புறுத்தியிருந்தால் அந்தப் பெண் நகர்ந்திருப்பாரா என்பதைக் கீழ் நீதிமன்றம் முடிவு செய்யாததால், பெரும்பான்மையினர் இழப்பீட்டை மீட்டுத் தரவில்லை. தலைமை நீதிபதி லார்டு நியூபெர்கர் பெரும்பான்மை பக்கம். லேடி ஹேல், லார்டு கெர், லார்டு கிளார்க் மூவரும் இழப்பீடு தரவேண்டும் என்ற பக்கம்.

இரண்டு தரப்புமே வென்றதாகச் சொல்லிக்கொள்ள முடிந்த தீர்ப்பு இது. ஆனாலும் ஒரு விஷயத்தில் தெளிவு வந்துவிட்டது. இரண்டு பயணிகள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நிறுவனம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. கேட்பது ஊழியரின் வேலை. சக்கர நாற்காலியில் வந்தவர் படிக்கு வெளியே நின்றபடி, முன்பின் தெரியாத ஒருவரிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

‘காலி’ என்றால் எது?

வழக்கு இவ்வளவு நீண்டதற்கு ஒரு காரணம் சட்டத்தில் இருந்த ஓட்டை. ஓட்டுநர், நடத்துநர், பயணிகளின் நடத்தை பற்றிய பிரிட்டன் விதிகள் 1990இல் வந்தவை. 2002இல் சக்கர நாற்காலிக்கான பகுதி சேர்க்கப்பட்டது. அதன்படி, இடம் ‘காலியாக’ இருந்தால் சக்கர நாற்காலிப் பயணியை ஓட்டுநர் ஏற்றியே ஆக வேண்டும். எது காலி? அங்கே வேறு சக்கர நாற்காலி இருந்தால் காலி இல்லை. அதில் சந்தேகம் இல்லை. மற்ற பயணிகளோ அவர்கள் பொருளோ இருந்தால்? வண்டியின் வேறொரு பகுதிக்கு அவர்கள் எளிதாக, நியாயமாக நகர முடியும் என்றால் அது காலி என்றே கணக்கு. முடியாது என்றால் நிரம்பியதாகக் கணக்கு.

‘எளிதாக, நியாயமாக’ என்ற இடத்தில்தான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது. கம்பியைப் பிடித்து நிற்பவர் நகரலாம். மடக்கு இருக்கையில் உட்கார்ந்தவர் எழுந்துபோகலாம். பெட்டியைப் பொருள் வைக்கும் தட்டுக்கு மாற்றலாம். இவர்கள் விஷயத்தில் விவாதமே வேண்டாம். தள்ளுவண்டியில்தான் வாதம் வருகிறது. அதிலும் எல்லாத் தள்ளுவண்டியும் ஒன்றில்லை. குடைக் கைப்பிடி வைத்த லேசான வண்டி சில நொடியில் மடங்கிவிடும். பிறந்த குழந்தை மல்லாந்து படுக்கும் தொட்டில் வகையில் மேற்பகுதியைத் தனியே கழற்ற வேண்டும். கழற்றினாலும் இரண்டு பெரிய துண்டுகள் மிஞ்சும். இரட்டையர் வண்டியை ஒற்றை ஆளாக மடக்குவது பெரும்பாடு.

மடக்குவதில் என்ன தடை என்று பார்த்தால் கேட்கும் தொனியே மாறும். முதலில் கைப்பிடியில் தொங்கும் பைகளை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குழந்தையைத் தூக்கியதும் வண்டி பின்பக்கம் சாய்ந்துவிடும். பிறகு பட்டையை அவிழ்த்துக் குழந்தையைத் தூக்க வேண்டும். ஒரு கையில் குழந்தை, மறு கையால் பிடியை இழுத்துக் காலால் மிதித்து மடக்க வேண்டும். மடக்கியதை வைக்க ஓர் இடம் வேண்டும். இவ்வளவும் ஓடும் பேருந்தில் நடக்கக் கூடாது. பேருந்து நின்ற நிலையில், ஓட்டுநர் காத்திருக்கும்போது நடக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பையை வாங்கிக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். குழந்தையை வாங்கிக்கொள்கிறேன் என்று கை நீட்டுவதைவிட, வண்டியை நான் மடக்குகிறேன் என்பது நல்லது. தாய்மார் பலர் முன்னதற்குத் தயங்குவார்கள், பின்னதற்குச் சம்மதிப்பார்கள்.

ஏறும்போதே ‘சக்கர நாற்காலி வந்தால் மடக்க வேண்டியிருக்கும்’ என்று சொல்லி அனுப்புவது, பின்னால் வரும் முக்கால்வாசித் தகராறைக் குறைக்கும். முதலிலேயே தெரிந்தவர் பைகளை வண்டியில் மாட்டாமல் வைத்திருப்பார்.

இதில் ஒரு வரலாற்று முரணும் உண்டு. படிக்கட்டு வைத்த பழைய பேருந்துகளில் தள்ளுவண்டியை மடக்காமல் ஏறவே முடியாது. யாரும் அதை உரிமைப் பிரச்சினையாகப் பேசியதில்லை. 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனின் மாற்றுத்திறனாளிகள் பேருந்துகளோடு தங்களைக் கைவிலங்கிட்டுக்கொண்டு போராடினார்கள். 1995இல் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. படிப்படியாகத் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. அந்தத் தாழ்தளம்தான் தள்ளுவண்டிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டது. போராடிப் பெற்ற இடத்தில், போராட்டத்தின் பலனாக ஏற முடிந்த இன்னொருவர் வந்து நிற்கிறார்.

1300க்கு 750

பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுப் பேருந்து அணுகல் விதிகளின்படி, சக்கர நாற்காலி இடம் குறைந்தது 1300 மி.மீ. நீளமும் 750 மி.மீ. அகலமும் இருக்க வேண்டும். அளவுகோலாக எடுத்துக்கொள்ளும் நாற்காலி 1200 மி.மீ. நீளம், 700 மி.மீ. அகலம். கூட்டிக் கழித்தால் முன்பின் மொத்தம் 10 செ.மீ., பக்கவாட்டில் மொத்தம் 5 செ.மீ. மிச்சம். அதாவது ‘கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறேன், நீங்களும் நில்லுங்கள்’ என்பதற்கு அங்கே இடமே கிடையாது. ஒரு பயணப்பெட்டி மூலையில் இருந்தால்கூட நாற்காலி உள்ளே போகாது, அல்லது கோணலாக நிற்கும்.

கோணலாக நிற்பதில் என்ன தவறு? நகரப் பேருந்துகளில் பரவலாக உள்ள அமைப்பில் சக்கர நாற்காலி பின்னோக்கி நிற்கும். பயணியின் முதுகு பேருந்தின் முன்பக்கம். முதுகுக்குப் பின்னால் தரையில் பொருத்திய, மெத்தை வைத்த சாய்பலகை. ஓட்டுநர் திடீரென்று பிரேக் அடித்தால் நாற்காலி முன்னே சறுக்கப் பார்க்கும். அந்த விசையைச் சாய்பலகை வாங்கிக்கொள்ளும். அதனால் பட்டை கட்ட வேண்டியதில்லை. பயணி யார் உதவியும் இன்றித் தானே வந்து நிறுத்தி, நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டுப் பயணிக்கலாம். வளைவில் நாற்காலி பேருந்தின் உள்நடைபாதைப் பக்கம் திரும்பிவிடாமல் ஒரு செங்குத்துக் கம்பியோ பக்கக் கைப்பிடியோ தடுக்கும்.

இந்த ஏற்பாடு வேலை செய்ய ஒரே நிபந்தனை, நாற்காலியின் முதுகு சாய்பலகையை ஒட்டி இருக்க வேண்டும். இடையில் ஒரு முதுகுப்பை மாட்டியிருந்தால்கூட இடைவெளி விழும். பிரேக் அடிக்கும்போது அந்த இடைவெளி அளவுக்கு நாற்காலி ஓடி மோதும். நாற்காலியின் பின்னால் மாட்டிய பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். பக்கவாட்டில் திரும்பி நிற்பது இன்னும் மோசம். நாற்காலியின் சக்கரங்கள் முன்பின் விசையைத் தாங்கும் அமைப்பில் உள்ளவை. பக்கவாட்டு விசையில் கவிழும். ‘ரெண்டு நிறுத்தம்தானே, அப்படியே குறுக்க நின்னுக்கோங்க’ என்று சொல்லும் ஊழியர் உதவுவதாகத்தான் நினைத்துக்கொள்கிறார்.

முன்னோக்கி நிறுத்திப் பட்டையால் கட்டும் அமைப்பும் உண்டு. அதில் கட்டுவதற்கு இன்னொருவர் குனிய வேண்டும், நேரம் பிடிக்கும், கூட்டத்தில் பட்டையைக் கண்டுபிடிப்பதே பாடாக இருக்கும். பட்டை கிழிந்து போனாலோ கொக்கி காணாமல் போனாலோ இடம் இருந்தும் பயனில்லை.

மின்கலத்தில் ஓடும் மூன்று நான்கு சக்கர நகர்வு ஸ்கூட்டர்கள் தனிக் கதை. பிரிட்டனின் பேருந்து நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட நடைமுறைப்படி 600 மி.மீ. அகலம், 1000 மி.மீ. நீளத்துக்கு உட்பட்ட சிறு வகையை மட்டும் ஏற்றுவார்கள். பெரியவை திரும்ப முடியாமல் நடுவழியில் சிக்கிக்கொள்ளும்.

கேட்பதற்கான வரிசை

பெரும்பாலான சொதப்பல் வரிசை மாறுவதால் வருகிறது. முன்கதவு திறக்கிறது, நிறுத்தத்தில் நின்ற எல்லோரும் ஏறுகிறார்கள், உள்ளே நெரிசல் இறுகுகிறது. அப்புறம்தான் சக்கர நாற்காலியில் ஒருவர் காத்திருப்பது ஓட்டுநருக்குத் தெரிகிறது. இப்போது இடத்தைக் காலி செய்யச் சொன்னால் போக வேறு இடமில்லை. இதே வேலையை மூன்று நிமிடம் முன்னால் செய்திருந்தால் யாருக்கும் நோகாது.

சரியான வரிசை இது. முதலில் இறங்குபவர்கள் இறங்கட்டும். அடுத்து, ஏறுபவர்களை வெளியே நிறுத்திவைத்தபடி உள்ளே இருக்கும் இடத்தைக் காலி செய்ய வேண்டும். காலியானதைக் கண்ணால் பார்த்த பிறகு, நாற்காலி ஏறுவதற்கான சரிவுப் பலகையான சாய்தளத்தை நீட்ட வேண்டும். சக்கர நாற்காலி ஏறி, சாய்பலகையை ஒட்டி நின்று, பிரேக் போட வேண்டும். சாய்தளம் உள்ளே போன பிறகு மற்றவர்கள் ஏறலாம். லண்டனில் நடுக்கதவுக்குப் பக்கத்தில் வெளியே நீலப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ஓட்டுநருக்குத் தெரியும். இடத்தைக் காலி செய்யக் கேட்கும் பதிவு செய்த அறிவிப்பும் இருக்கிறது. பதிவுக் குரலுக்கு ஒரு நன்மை உண்டு. அது யாரையும் குறிவைத்துத் திட்டுவதில்லை, ஓட்டுநரின் தொனியைப் பற்றிப் புகார் வராது. ஒரு குறையும் உண்டு. பழகிவிட்டால் காதிலேயே விழாது.

உச்ச நீதிமன்றம் வேண்டுகோளுக்கும் கட்டாயத்துக்கும் காட்டிய வேறுபாடு நம் பேச்சிலும் அப்படியே உண்டு. “யாராச்சும் கொஞ்சம் நகர முடியுமாங்க?” என்றால் எல்லோரும் அடுத்தவரைப் பார்ப்பார்கள். “சக்கர நாற்காலி ஏறுது, நடு இடத்தை விடுங்க. அந்தப் பச்சைப் பையை மேல வைங்க தம்பி. அக்கா, வண்டியை மடக்கிக்கோங்க, மடக்குற வரைக்கும் நிக்கிறேன்” என்றால் வேலை நடக்கும். மூன்று விஷயங்கள் அதில் இருக்கின்றன: ஏன் என்ற காரணம், யார் எதைச் செய்ய வேண்டும் என்பது, காத்திருக்கிறேன் என்ற உறுதி. கடைசி வாக்கியம்தான் முக்கியம். வண்டி எந்த நொடியில் கிளம்புமோ என்ற பயத்தில்தான் பலர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இடம் உண்மையிலேயே நகர முடியாதபடி நிரம்பியிருந்தால்? ஏற்கெனவே ஒரு சக்கர நாற்காலி இருந்தால் முதலில் வந்தவருக்கே இடம், இரண்டாமவர் அடுத்த பேருந்துக்கு நிற்க வேண்டும். அப்போது ஓட்டுநர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடக் கூடாது. ஏன் ஏற்ற முடியவில்லை, அடுத்தது எப்போது என்று சொல்ல வேண்டும். முடிந்தால் பின்னால் வரும் வண்டிக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

சிங்கப்பூர் செய்த வேலை

தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரில், 2017 ஏப்ரல் முதல் மடக்காத குழந்தைத் தள்ளுவண்டியோடு பேருந்தில் ஏறலாம். அதுவரை மடக்கியே ஏற வேண்டும். அனுமதி கொடுத்தபோதே நிபந்தனையையும் சேர்த்துக் கொடுத்தார்கள்: தள்ளுவண்டி சக்கர நாற்காலி இடத்தில்தான் நிற்க வேண்டும், சக்கர நாற்காலி வந்தால் விட்டுத்தர வேண்டும். யாருக்கு முதலிடம் என்பது தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருந்ததால், பிரிட்டனில் வந்த ‘எனக்கும் உரிமை உண்டே’ என்ற வாதத்துக்கு அங்கே அடித்தளம் இல்லை. 2020 டிசம்பரில் அங்குள்ள பொதுப் பேருந்துகள் அனைத்தும் சக்கர நாற்காலி ஏறக்கூடியவையாகிவிட்டன. இரண்டு சக்கர நாற்காலி இடங்கள் கொண்ட பேருந்துகளும் ஓடுகின்றன. விதியை ஒழுங்காக எழுதுவதைவிட இன்னொரு 1300 மி.மீ. தரையைத் தருவது சிறந்த மருந்து என்பது என் கருத்து, ஆனால் அதற்கு இருக்கைகளைக் குறைக்க வேண்டும். நெரிசல் நேரத்தில் நின்று போகும் ஆட்களை அதற்கு ஒப்புக்கொள்ள வைப்பது கடினம்.

சென்னையில் வேறு கணக்கு

தமிழ்நாட்டில் முன்னுரிமை இருக்கை பழக்கம் பழையது. சென்னை மாநகரப் பேருந்தில் இடப்பக்க வரிசை பெண்களுக்கு என்பது எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். 2016 பிப்ரவரி முதல் 60 வயது தாண்டியவர்களுக்குச் சென்னையில் மாதம் பத்து இலவசப் பயண டோக்கன். 2021இல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கும், பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு வரும் உதவியாளருக்கும், திருநங்கையருக்கும் இலவசப் பயணம் வந்தது. பக்கத்து இலங்கையில் முன் இருக்கையை மதகுருமாருக்கு ஒதுக்கி எழுதிவைத்திருப்பார்கள். அது இன்னொரு வகை முன்னுரிமை.

ஆனால் இவையெல்லாம் இருக்கையும் கட்டணமும். படிக்கட்டில் ஏற முடியாதவருக்கு டிக்கெட் இலவசம் என்பதால் ஒன்றும் நடந்துவிடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்து வசதியைத் தனிப் பிரிவாகவே சொல்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 2015 டிசம்பர் 3இல், பொது இடங்களையும் போக்குவரத்தையும் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கதாக்கும் மத்திய அரசின் சுகம்யா பாரத் இயக்கம் தொடங்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் வழக்கு நடந்த பிறகு, 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் சென்னைத் தெருவுக்கு வந்தன.

தாழ்தளப் பேருந்தின் தரை சுமார் 400 மி.மீ. உயரம். சாய்தளம் ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 150 மி.மீ. உயரமுள்ள நடைமேடையை ஒட்டி நின்று, பேருந்து ஒரு பக்கம் 60 மி.மீ. தாழ்ந்து கொடுத்தால், ஏற வேண்டியது 190 மி.மீ.; சரிவு சுமார் 11 பாகை. யாராவது பின்னால் இருந்து தள்ளினால் ஏறிவிடலாம். அதே பேருந்து நடைமேடையை விட்டு விலகி, சாலையில் இரண்டாவது வரிசையில் நின்றால், ஏற வேண்டியது 340 மி.மீ. சரிவு கிட்டத்தட்ட 20 பாகை. தனியாக ஏற முடியாது. பின்னால் ஒருவர் தாங்காவிட்டால் நாற்காலி மல்லாக்கச் சாயும். ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 107ஆம் விதிமுறை 150 மி.மீ. நடைமேடைக்கு 12 சதவீதச் சரிவைத்தான், அதாவது சுமார் 7 பாகையைத்தான், அனுமதிக்கிறது.

எனவே சென்னையில் முன்னுரிமை இடம் பேருந்துக்கு வெளியிலேயே தொடங்கிவிடுகிறது. நிறுத்தத்தில் ஆட்டோவும் பைக்கும் நின்றால் பேருந்து ஓரம் கட்ட முடியாது. ஒரு மீட்டர் சாய்தளம், அதற்கு முன் 1.2 மீட்டர் நாற்காலி, அது திரும்பி நேராக வரக் கொஞ்சம் இடம் என்று பார்த்தால், நடுக்கதவுக்கு எதிரே இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு நடைமேடை காலியாக வேண்டும். பூக்கடையும் நிழற்குடைத் தூணும் விட்டுவைப்பது பெரும்பாலும் அதில் பாதி. உள்ளே இடம் விடாத பயணியைத் திட்டும் நாம், வெளியே இடம் விடாத பைக்காரரை இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

உள்ளேயும் நிலைமை வேறு. பிரிட்டனில் தகராறு தள்ளுவண்டியோடு. இங்கே மூட்டை, கூடை, காய்கறிச் சாக்கு, நின்றுகொண்டு வரும் கூட்டத்தோடு. நடுக்கதவுக்கு எதிரே இருக்கையில்லாத இடம் என்றாலே கூடை வைக்கத் தோதானது என்றுதான் எவருக்கும் தோன்றும். அது எதற்கான இடம் என்று தரையிலேயே பெரிதாக வரைந்திருக்க வேண்டும். சுவரில் ஒட்டிய குறியைக் கூட்டம் மறைத்துவிடும்.

ஒரு விஷயத்தில் சென்னைக்கு லண்டனைவிட வசதி அதிகம். கண்டக்டர் இருக்கிறார். ஸ்டியரிங்கை விட்டு எழ முடியாத ஓட்டுநருக்குப் பதில், இறங்கி வந்து, கூடையை நகர்த்தி, சாய்தளத்தை விரித்து, பின்னால் கை கொடுக்க ஓர் ஆள். ‘போகலாம்’ என்று சொல்லும் இரட்டை விசிலும் அவர் கையில். நாற்காலி நிலையாக நின்று பிரேக் போடும் வரை அந்த விசிலை ஊதாமல் இருப்பதுதான் பிரிட்டன் நீதிமன்றம் ஓட்டுநரிடம் எதிர்பார்த்த அதே காரியம். நெரிசல் நேரத்தில் அவர் பின்பக்கம் டிக்கெட் கிழித்துக்கொண்டு மாட்டிக்கொண்டால் இந்த வசதி வீண். அப்போது ஓட்டுநர் குரல் கொடுத்து அவரை இறக்க வேண்டும். காத்திருக்கும் பயணி, நடுக்கதவு வந்து நிற்கும் இடத்தில் ஒதுங்கி நிற்பதைவிட, ஓட்டுநரின் கண்ணில் படும்படி நிறுத்தத்தின் முன்பகுதியில் இருந்து கை காட்டுவது நல்லது. ஏறுகிறேன் என்று தெரிந்தபின் நடுக்கதவுக்குப் பின்வாங்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத காரணம்

இருக்கை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், காரணம் அதில் கணக்கு குறைவு. பிரிட்டன் விதிப்படி நகரப் பேருந்தில் குறைந்தது நான்கு முன்னுரிமை இருக்கைகள் இருக்க வேண்டும். அவற்றில் உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு மூட்டுவாதமோ, இதய நோயோ, டயாலிசிஸ் முடித்த களைப்போ இருக்கலாம். அதனால் ‘உனக்கென்ன கேடு, எழுந்திரு’ என்று ஒருவரைச் சுட்டுவது தவறான முறை. நோயை நாலு பேர் முன்னால் சொல்ல வைப்பது அது. “முன்னுரிமை சீட்ல யாராவது எழ முடிஞ்சவங்க இடம் குடுங்க, இவங்களால நிக்க முடியாது” என்று பொதுவாகக் கேட்டால், எழ முடிந்தவர் எழுவார், முடியாதவர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. லண்டனில் கர்ப்பிணிகளுக்கு 2005இலும், வெளியே தெரியாத உடல்நிலை உள்ளவர்களுக்கு 2017இலும் உடையில் குத்திக்கொள்ளும் அடையாள வில்லைகள் வந்தன. கேட்கக் கூச்சப்படுபவர் வாய் திறக்காமல் கேட்க அது உதவுகிறது. குனிந்து செல்பேசி பார்ப்பவர் கண்ணில் வில்லை விழுவதில்லை என்பது அதன் எல்லை.

முன்னுரிமை இருக்கையில் உட்காரவே கூடாது என்றில்லை. காலியாக இருந்தால் உட்காரலாம். ஆனால் காதில் மாட்டிக்கொண்டு தூங்கக் கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுபவரைப் பார்க்க வேண்டும். அந்தக் கவலை வேண்டாம் என்றால் பின்னால் போய் உட்காரலாம்.

இறங்கும்போது

ஏற்றுவதில் செலுத்தும் கவனம் இறக்குவதில் இருப்பதில்லை. சக்கர நாற்காலி பின்னோக்கி நிற்பதால் பயணிக்கு வரப்போகும் நிறுத்தம் கண்ணில் படாது. கூட்டம் நின்றால் ஜன்னலும் மறையும். ஏறும்போதே எங்கே இறங்க வேண்டும் என்று ஊழியரிடம் சொல்லிவைப்பதும், இரண்டு நிறுத்தம் முன்பாகவே இடத்தில் உள்ள அழைப்புப் பொத்தானை அழுத்துவதும் வழக்கமாக வேண்டும். லண்டன் பேருந்துகளில் அந்தப் பொத்தானின் ஒலி வேறு. சாய்தளம் வேண்டும் என்பது ஓட்டுநருக்கு உடனே புரியும். ஒரே ஒலி கொண்ட பொத்தானில் சாதாரண நிறுத்தம் என்று நினைத்துக் கதவைத் திறந்து மூடிவிடுவார்கள்.

இறங்குமிடத்தில் நடைமேடை உடைந்தோ, சாய்தளம் விழும் இடத்தில் தூணோ குழியோ இருந்தால், ஓட்டுநர் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தலாம். ஆனால் பயணியிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும், ஏனென்றால் அங்கிருந்து அவர் திரும்பி வரும் வழியில் நடைமேடை ஏற்றம் இருக்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். சாய்தளத்தில் இறங்குவது பின்னோக்கி என்றால் சாயும் ஆபத்து குறைவு. பின்னால் நிற்பவர் கைப்பிடியைத் தாங்கியபடி மெதுவாக வர வேண்டும். மின்நாற்காலி என்றால் அதை இயக்குபவர் கேட்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. தள்ளினால் அதன் கட்டுப்பாடு குழம்பும். நடுக்கதவில் இறங்கக் காத்திருக்கும் மற்றவர்களும் அதுவரை உள்ளேயே நிற்க வேண்டும். சாய்தளத்தின் ஓரத்தில் ஒற்றைக்கால் வைத்து இறங்கப் பார்ப்பவர்தான் பெரும்பாலும் இடறி விழுகிறார்.